எல்டிஇ (4ஜி) சோதனைக்கு எந்த எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ)?
ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் ஒன்றைப் பாருங்கள்: ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியுமா? ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற எஸ்டிஆரில் முடியாது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் வெறும் ரிசீவர். எஸ்ஆர்எஸ்ரான் (கணினியை மொபைல் டவராக்கும் மென்பொருள்) ஓட்ட யூஎஸ்ஆர்பி பி210 என்ற எஸ்டிஆர் தொல்லை குறைந்தது, விலைதான் கடிக்கும்.

10 மெகாஹெர்ட்ஸ் செல்லுக்கு நொடிக்கு 15.36 மில்லியன் சாம்பிள் (சிக்னல் அளவீடு), ஒவ்வொன்றும் 4 பைட். ஒரு திசைக்கே 61 எம்பி. யூஎஸ்பி 2 தாங்காது. திரையில் 'யூ', 'எல்' எழுத்துகள் (சாம்பிள் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்பதன் அடையாளம்) கொட்டினால் கேபிளையும் சிபியு பவர் மோடையும் கவனியுங்கள்.

பி210இன் உள்கிளாக் ±2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு பிழை). 1800 மெகாஹெர்ட்ஸில் 3.6 கிலோஹெர்ட்ஸ் வரை விலகும். ஏசி இல்லாத சென்னை அறையில் ஜிபிஎஸ்டிஓ (ஜிபிஎஸ் சிக்னலை வைத்துத் திருத்திக்கொள்ளும் கிளாக்) போடுவதே மேல்.

உரிமம் இல்லாமல் ஆன்டெனாவில் அனுப்பாதீர்கள். போனுக்குப் பதில் இன்னொரு எஸ்டிஆரில் எஸ்ஆர்எஸ்யூஇ (போன் போல நடிக்கும் மென்பொருள்) ஓட்டி, எஸ்எம்ஏ கேபிளால் இணையுங்கள். நடுவே குறைந்தது 30 டெசிபல் அட்டென்யூவேட்டர் (சிக்னல் வலிமையைக் குறைக்கும் கருவி) கட்டாயம்: பி210 ரிசீவர் தாங்குவது -15 டிபிஎம்தான்.