காருக்கு வீட்டிலேயே ப்ரைமர் அடிக்க: கம்ப்ரஸரை அளந்து ஸ்ப்ரே கன்னைத் தேர்ந்தெடுக்கும் முறை

முதன்முறையாகக் காருக்கு ப்ரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்க முனைவோர் பெரும்பாலும் ஸ்ப்ரே கன்னை முதலில் வாங்கிவிட்டு, அதற்குக் காற்று போதவில்லை என்பதைப் பாதி வேலையில் அறிகின்றனர். கன் கேட்கும் காற்றும் கம்ப்ரஸர் தரும் காற்றும் பொருந்தினால் நடுத்தர விலைக் கன்கூட நன்றாக வேலை செய்யும். ப்ரைமரை எப்படியும் 400 முதல் 600 வரை எண்ணுள்ள உப்புத்தாளால் தேய்க்கப்போகிறோம் என்பதால், இந்தக் கட்டத்தில் பளபளப்பான பரப்பு தேவையில்லை.

படி 1: வேலையின் அளவை முடிவு செய்யுங்கள்

உள்ளங்கை அகல இடத்துக்கு ஸ்ப்ரே டப்பாவே போதும். கதவு, பானெட் போன்ற முழுப் பாகங்களுக்குக் கன் வேண்டும்.

படி 2: கம்ப்ரஸரை அளந்து பாருங்கள்

கம்ப்ரஸரின் மேல் ஒட்டியுள்ள எண் பல வேளைகளில் பிஸ்டன் இழுக்கும் காற்றின் அளவையே குறிக்கும். வெளியே கிடைப்பது அதைவிடக் குறைவு. உண்மையான அளவை அறிய, வெளிவழியை மூடிவிட்டு மோட்டாரை ஓடவிட்டு, அழுத்தமானி 4 பாரிலிருந்து 6 பாருக்கு ஏற எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். டாங்கின் கொள்ளளவை ஏறிய அழுத்தத்தால் பெருக்கினால் சேர்ந்த காற்று கிடைக்கும். 50 லிட்டர் டாங்கில் 2 பார் ஏறினால் சுமார் 100 லிட்டர். அதற்கு 40 வினாடி ஆனால் நிமிடத்துக்கு 150 லிட்டர், அதாவது ஏறத்தாழ 5.3 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று என்னும் அளவு). வீட்டுக் கம்ப்ரஸர் இடைவிடாமல் ஓடினால் சூடேறும் என்பதால், இந்த அளவு முழுவதையும் நம்பிக் கன் வாங்குவது சரியன்று.

படி 3: கன்னையும் நாசிலையும் தேர்ந்தெடுங்கள்

எச்.வி.எல்.பி. (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) கன்னின் முனையில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.யைத் (சுமார் 0.7 பார்) தாண்டாது; அடிக்கும் ப்ரைமரில் 65 விழுக்காட்டுக்குக் குறையாமல் பரப்பில் படியவைப்பது இவ்வகையின் தரம். காற்றில் பறக்கும் ப்ரைமர் புகை குறைவு என்பதால் வீட்டுக்கு ஏற்றது. ஆனால் பெரும்பாலானவை 8 முதல் 14 சி.எஃப்.எம். வரை கேட்கும். மேலே அளந்தது போன்ற சிறு கம்ப்ரஸருக்கு, 4 சி.எஃப்.எம். அளவில் இயங்கும் எல்.வி.எல்.பி. (குறைந்த காற்று, குறைந்த அழுத்தம்) கன்னையே நான் பரிந்துரைப்பேன். வேலை சற்று மெதுவாக நடக்கும். ஒரு நேரத்தில் ஒரு பாகம் என்று அடித்தால் அது குறையாகாது.

தடிமனாகப் படியும் சர்ஃபேசர் வகை ப்ரைமருக்கு 1.7 அல்லது 1.8 மி.மீ. துளையுள்ள நாசில் (ப்ரைமர் வெளிவரும் முனை) வேண்டும். நிறம் அடிக்கும் 1.3 மி.மீ. நாசிலில் அது சரியாக வெளிவராது; வெளிவர வேண்டும் என்று தின்னரைக் கூட்டினால் வழிந்து ஓடும்.

படி 4: குழாயும் நீர்ப்பிரிப்பானும்

உள்விட்டம் 10 மி.மீ. உள்ள குழாயை வாங்குங்கள். மெல்லிய குழாயில் அழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும். கம்ப்ரஸரிலிருந்து சூடாக வரும் காற்றில் நீர் ஆவியாகவே இருந்து, குழாயில் குளிர்ந்த பின்னரே துளியாகிறது. ஆகவே நீர்ப்பிரிப்பானைக் கம்ப்ரஸரின் வாயில் வைப்பதைவிடக் கன்னை நோக்கித் தள்ளி வைப்பதே பயன் தரும்.

படி 5: மூச்சுக்கான கருவி

இதையும் கன்னோடு சேர்த்தே கணக்கிடுங்கள். டூ-கே (இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும்) யூரித்தேன் ப்ரைமரின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. தீங்கு செய்யும் அளவிலும் அதன் வாசனை தெரியாமல் போகலாம் என்பதால், கார்பன் வடிகட்டி தீர்ந்துவிட்டதை மூக்கால் உணர முடியாது. வெளியிலிருந்து தூய காற்று வரும் முகமூடி இல்லையென்றால், அந்த வகையை வீட்டில் அடிக்கவே வேண்டாம். ஒன்-கே (ஹார்டனர் கலக்காத) ப்ரைமருக்கும் ஆவியைப் பிடிக்கும் கார்பன் வடிகட்டி முகமூடி கட்டாயம். துணி முகக்கவசம் உதவாது. தீப்பொறிக்கு இடமின்றி, ப்ரைமர் அடிக்கும் இடத்துக்கு வெளியே கம்ப்ரஸரை வையுங்கள்.

படி 6: அட்டையில் அடித்துப் பாருங்கள்

விசையை அழுத்திக் காற்று ஓடும்போதே அழுத்தத்தை அமைத்து, சுமார் 15 செ.மீ. தொலைவில் அட்டை மீது ஒரு கணம் அடியுங்கள். நடுப்பகுதி மட்டும் தடித்துத் துளிகள் பெரிதாக விழுந்தால் அழுத்தத்தைச் சிறிது கூட்டுங்கள். இரு முனைகளும் தடித்து நடு மெலிந்தால் குறையுங்கள். நீள்வட்டம் சீராக வந்த பின்னரே காரின் பாகத்தில் அடிக்கத் தொடங்கலாம்.