புதுப்படத்தையும் பிடித்த நடிகரையும் பற்றிப் பயன்படும்படி எழுதுவது எப்படி

இலங்கையின் வடக்கே, வன்னியில், மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கும் ஒருவர் புதுப்படமொன்றைப் பெரிய திரையில் பார்க்க விரும்பினால், பெரும்பாலும் மாங்குளம் சந்திக்கு வந்து, ஏ-9 வீதியில் வடக்கே யாழ்ப்பாணத்துக்கோ தெற்கே வவுனியாவுக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிறது. இரவுக் காட்சிக்குப் போனால் திரும்பி வருவதற்கு மோட்டார் சைக்கிளோ, தங்குவதற்கு உறவினர் வீடோ வேண்டும். தீபாவளிப் படங்கள் வரும் காலம் காலபோக விதைப்புக் காலமாகவும் இருப்பதால், விதைநெல்லுக்கும் உழவுக்கும் போன பணத்தில் மிஞ்சியதை வைத்துத்தான் வன்னியில் பலர் படம் பார்ப்பதைப் பற்றியே யோசிக்கிறார்கள். அப்படிப்பட்டவர் உங்களிடம் “படம் எப்படி?” என்று கேட்கும்போது, “சும்மா அந்தமாதிரி” என்றோ “சரியான அறுவை” என்றோ சொல்லி முடிப்பது அவருக்கு எந்த உதவியையும் செய்யாது. ஒரு படத்தையும் அதில் நடித்தவரையும் பற்றி நான்கு பந்தி எழுத விரும்புபவர் கவனிக்க வேண்டியவை என்று நான் கருதுவனவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலாவதாக, எந்த இடத்தில், எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதை எழுத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இது சின்ன விடயம் போலத் தோன்றினாலும் உண்மையில் அப்படியல்ல. 2024 செப்ரெம்பரில் பிரேம்குமார் இயக்கத்தில் வெளியான ‘மெய்யழகன்’ திரைக்கு வந்த சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டது. முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் படத்தின் நீளத்தைப் பற்றி வாதிட்டால், இருவரும் வெவ்வேறு படங்களைப் பற்றியே வாதிடுகிறார்கள். அதேபோல, தியேட்டரில் ஒலி கரகரத்ததா, போனின் சின்னத் திரையில் டேட்டா விட்டுவிட்டு வர இரண்டு இரவுகளாகப் பார்த்தீர்களா, கலியாண வீட்டுச் சத்தத்துக்கு நடுவே பார்த்தீர்களா என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டும். திருட்டுப் பிரதியில் தலைகள் குறுக்கே போக, மங்கலாகப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைக் குறை சொல்பவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். அவர்களுடைய கருத்தில் ஒளிப்பதிவு என்ற சொல் வரவே கூடாது.

படம் முடிந்தவுடன் எவருடனும் கதைப்பதற்கு முன்னர், மனதில் நின்ற மூன்று காட்சிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து திரும்புகிறீர்கள் என்றால் பஸ் ஆனையிறவைத் தாண்டுவதற்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு கூட வந்த நண்பரின் கருத்தும், போனில் வந்து விழும் மற்றவர்களின் கருத்துகளும் உங்களுடைய நினைவோடு கலந்துவிடும். எழுதும்போது “அருமை”, “சூப்பர்” போன்ற சொற்கள் வேண்டாம். யார் எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது, எதைச் சொல்ல வந்து சொல்லாமல் விட்டார் என்று எழுதுங்கள். காட்சி சரியாக எழுதப்பட்டிருந்தால் அது அருமையா இல்லையா என்பதை வாசிப்பவரே கண்டுகொள்வார்.

நடிப்பைப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர்களின் எழுத்தில் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். வசனம் பேசுபவரை விட்டுவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டிருப்பவரைப் பார்ப்பதே இதற்கு நான் அறிந்த நல்ல வழி. ‘மெய்யழகன்’ படத்தில் கார்த்தி ஓயாமல் பேசுகிறார், “அத்தான் அத்தான்” என்று அன்பைக் கொட்டுகிறார். பார்ப்பவர் மனம் இயல்பாகவே அவர் பக்கம் சாய்கிறது. நானும் கார்த்தியின் ரசிகன்தான். ஆனாலும் அந்தப் படத்தின் கடினமான வேலை அரவிந்த்சாமியிடம் இருக்கிறது என்பதே என் முடிவு. தன்னிடம் இவ்வளவு உரிமையோடு பழகுபவரின் பெயர்கூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதைக் கேட்கவும் முடியவில்லை. சிரிக்கிறார், தலையாட்டுகிறார், அடுத்த வாக்கியத்தில் ஏதாவது துப்புக் கிடைக்குமா என்று கண்ணால் தேடுகிறார். பல வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்து, ஊர்க் கோயில் வாசலில் “என்னைத் தெரியுதோ?” என்று கேட்பவரிடம் மாட்டிக்கொள்ளும் நம் உறவினர்களின் முகம் அப்படியே அதுதான். விட்டுப்போன வீட்டின் நினைவோடு திரும்பி வரும் அரவிந்த்சாமியின் பாத்திரத்தை, இடம்பெயர்ந்து பழகிய வன்னி மக்கள் தஞ்சாவூர்க்காரராகப் பார்ப்பதில்லை, தங்களில் ஒருவராகவே பார்க்கிறார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

ஒரே செயலை ஒரு நடிகர் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டி வரும் காட்சிகளும் நல்ல சோதனை. நித்திலன் சாமிநாதன் இயக்கிய ‘மகாராஜா’வில் விஜய் சேதுபதி, காதில் கட்டுடன் பொலிஸ் நிலையத்துக்குப் போய், குப்பைத்தொட்டி ஒன்று திருட்டுப் போன கதையை ஒவ்வொருவரிடமும் மறுபடி மறுபடி சொல்கிறார். முதற் தடவை பார்க்கும்போது அது சிரிப்பை வரவழைக்கிறது. முழுக் கதையும் தெரிந்து இரண்டாவது தடவை பார்க்கும்போது அதே குரல், அதே குனிந்த தோள் எல்லாம் வேறொன்றாகத் தெரிகின்றன. இரண்டு பார்வைகளுக்கும் பொருந்தும்படி ஒரே முகத்தை வைத்திருப்பது இலகுவான காரியமல்ல. ஆகவே, முடிவில் திருப்பம் உள்ள படமென்றால் முடிந்தவரை இரண்டு தடவை பார்த்த பிறகே நடிப்பைப் பற்றி உறுதியாக எழுதுங்கள்.

மூன்றாவது சோதனை உடலுழைப்பு. வயல் வேலை செய்தவருக்கு, மண்வெட்டியைப் பிடிக்கும் விதத்திலேயே நடிகர் அதை எத்தனை நாள் பிடித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். இந்த அறிவு நகரத்து விமர்சகர் பலரிடம் இல்லாதது, ஆகவே தயங்காமல் பயன்படுத்துங்கள். மாரி செல்வராஜின் ‘வாழை’யில் வாழைக்குலை சுமக்கும் பையனின் கழுத்தும் முதுகும் எப்படி வளைகின்றன என்பதைக் கவனித்து எழுதினால், அது கதைச் சுருக்கத்தைவிட மேலான விமர்சனமாக இருக்கும். ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே இல்லை. அன்னா பென் கிட்டத்தட்ட வாய் திறக்காமலே படம் முழுவதும் இருக்கிறார், சூரியோ கட்டிப்போன தொண்டையோடு பேசுகிறார். இசை வந்து அழச் சொல்லாத இடத்தில் நடிகரின் உடம்பு மட்டுமே மிஞ்சுவதால், நடிப்பைப் பார்த்துப் பழக விரும்புபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் படம் இதுதான். பொறுமை வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்; சண்டைக்காட்சியை எதிர்பார்த்துப் போகிறவர் என்னைத் திட்டுவார்.

ஈழத்துப் பேச்சு வரும் படங்களில் நம்மவர்கள் செய்யும் விமர்சனம் தனியாகப் பேச வேண்டியது. 2025 மே 1 அன்று அபிஷன் ஜீவிந்தின் முதற் படமாக ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வெளியானபோது, சசிகுமாரும் சிம்ரனும் எங்கெங்கே தடுமாறினார்கள் என்று சொல் சொல்லாகப் பொறுக்கியவர்கள் பலர். அப்படிப் பொறுக்குவது சுகமாக இருந்தாலும் அதனால் பெரிய பயன் இல்லை. யாழ்ப்பாணப் பேச்சும் முல்லைத்தீவுப் பேச்சும் மன்னார்ப் பேச்சும் ஒன்றல்ல என்பது நமக்கே தெரியும். எந்த ஊர்ப் பேச்சை அளவுகோலாக வைக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு, வாக்கியம் முடியும் இடத்தில் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா, கோபத்திலும் அழுகையிலும் அந்தப் பேச்சு நிலைக்கிறதா என்று கேளுங்கள். அமைதியான காட்சியில் எவரும் பயிற்சி எடுத்துப் பேசிவிடலாம், கத்தும்போதுதான் பாடம் பண்ணியது கழன்று விழும். அந்த வகையில் சசிகுமாரின் பேச்சு சில இடங்களில் தளர்கிறது. ஆனால் புது இடத்தில் பிழை விட்டுவிடக்கூடாதே என்று குடும்பத்தைக் காக்கும் தகப்பனின் பணிவு அவருடைய நடையில் கடைசி வரை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சிம்ரனைப் பற்றி எழுதுபவர் ஒரு செய்தியை மறக்கக் கூடாது. 2002 இல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில், மாங்குளத்துத் தாயொருத்தி பெற்ற பிள்ளையைச் சென்னையில் வளர்க்கும் அம்மாவாக நடித்தவர் அவரே. இருபத்து மூன்று வருடம் கழித்து, இலங்கையிலிருந்து பிள்ளைகளோடு கடல் கடந்து போகும் அம்மாவாக வந்திருக்கிறார். மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ரசிகர் எழுத வேண்டிய விமர்சனம் இது, வேறு எவரும் நமக்காக எழுதப் போவதில்லை.

குரலைப் பற்றி எழுதுமுன், அது நடிகருடைய சொந்தக் குரல்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘96’ படத்தில் திரிஷாவின் ஜானுவுக்குக் குரல் கொடுத்தவர் சின்மயி. அந்தக் காதலின் பாதிக் கனம் குரலில் இருக்கிறது என்று நினைப்பவர் பாராட்டை இருவருக்கும் பங்கிட வேண்டும். ஒரு மௌனம் நம்மை உலுக்கினால் அதை நீட்டிப் பிடித்தவர் படத்தொகுப்பாளராகவும் இருக்கலாம். படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் திரையில் ஓடும் பெயர்களைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் பின்னர் உதவும்.

இனி, மனதுக்கு மிகவும் பிடித்த நடிகரைப் பற்றி எழுதுவது. அவருடைய ரசிகன் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, அதன் பிறகு அவரை அவருடைய முந்தைய படங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள், மற்ற நட்சத்திரத்தோடு வேண்டாம். 2009 இல் ‘வெண்ணிலா கபடிக்குழு’வின் பரோட்டாக் காட்சியால் பெயர் பெற்ற சூரி, 2023 இல் ‘விடுதலை’யின் முதற் பாகத்தில் பொலிஸ் சாரதி குமரேசனாக வந்தபோது, சிரிக்க வைப்பதற்காகப் பழக்கி வைத்திருந்த முகத்தை எப்படி அடக்கினார் என்று எழுதினால் அங்கே ஒரு வளர்ச்சியின் கதை கிடைக்கும். அவரை இன்னொரு கதாநாயகனோடு மோதவிட்டால் கிடைப்பது சண்டை மட்டுமே. நட்சத்திரப் படமென்றால், நட்சத்திரம் இல்லாத காட்சிகளில் படம் நிற்கிறதா என்று பாருங்கள். 1975 ஓகஸ்டில் ‘அபூர்வ ராகங்கள்’ மூலம் திரைக்கு வந்த ரஜினிகாந்த் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்த வேளையில், 2025 ஓகஸ்டில் ‘கூலி’ வந்தது. ரஜினி திரையில் நடந்து வருவதைப் பார்க்கவே காசு கொடுத்தவர்களில் நானும் ஒருவன், அதில் வெட்கமும் இல்லை. இருந்தாலும் அந்தப் படத்தில் அடுத்து என்ன செய்வார் என்று என்னைப் பதற வைத்தவர் தயாளாக வந்த சௌபின் சாகிர்தான். இப்படி எழுதினால் தலைவருக்குத் துரோகம் செய்துவிட்டதாகச் சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

வசூல் கணக்கை எழுத வேண்டாம். அது தயாரிப்பாளரின் கவலை, தவிரவும் உலாவும் தொகைகளைச் சரிபார்க்க நம்மிடம் வழியில்லை. நடிகைகளின் நிறத்தையும் உடம்பையும் வயதையும் பற்றி எழுதுவதை விமர்சனம் என்று எண்ணுபவர்கள் பேனாவை மூடிவைப்பது நல்லது.

போர்க்காட்சிகள் உள்ள படங்களில் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘அமரன்’ போன்ற இராணுவப் படத்தில் மற்ற ஊர் ரசிகர் கைதட்டும் இடத்தில், ஹெலிகொப்டர் சத்தத்தையும் சீருடையையும் வேறு விதமாக அறிந்த ஒருவருக்கு வயிற்றைப் பிசையலாம். அதை மறைக்கவும் வேண்டாம், படத்தின் குற்றமாக ஆக்கவும் வேண்டாம். இந்தக் காட்சி எனக்கு இப்படிப் பட்டது, காரணம் இது என்று ஒரு பந்தியில் சொல்லிவிட்டு, சாய் பல்லவியின் நடிப்பைத் தனியாக எடைபோடுங்கள். கணவனின் அழைப்புக்காகக் காத்திருக்கும் பெண்ணாக அவர் போனைப் பார்க்கும் பார்வையை, காணாமற் போனவர்களுக்காகக் காத்திருப்போர் உள்ள ஊரில் இருந்துகொண்டு எழுதுபவர் எப்படி எழுதுவார் என்று வாசிக்க எனக்கு உண்மையாகவே ஆசை.

கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு ஒரு சுலபமான எல்லை வைத்துக்கொள்ளலாம். இடைவேளைக்கு முன்னர் பாதித் தூரம் வரை நடப்பதைச் சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம். ‘மகாராஜா’ போன்ற படத்துக்கு அந்தப் பாதியும் அதிகம். சில வாரம் பொறுத்து இணையத்தில் வந்த பிறகே பார்க்கப் போகிறவர்கள் வன்னியில் அதிகம் என்பதால், படம் வந்து ஒரு வாரமாகிவிட்டது, இனி உடைக்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

கடைசியாக, நட்சத்திரப் புள்ளிகளோ நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணோ போட வேண்டாம். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: பஸ் ஏறிப் போய்ப் பெரிய திரையில் பார்க்க வேண்டிய படமா, வீட்டில் பார்த்தால் போதுமா, சின்னப் பிள்ளைகளையும் வயது போன அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாமா. எழுதிய திகதியைக் கீழே போடுங்கள். சில மாதம் கழித்து அதே படம் தொலைக்காட்சியில் போகும்போது மறுபடி பார்த்து, எண்ணம் மாறியிருந்தால் பழையதை அழிக்காமல் அதன் கீழே புதிய திகதியோடு சேர்த்து எழுதுங்கள்.