உடல்நலமும் சமூகத் தொழில்முனைவும்: குமரியிலிருந்து முதுகலைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் விண்ணப்பக் கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். குமரி மாவட்டத்து மீனவ ஊரான தூத்தூர்ப் பக்கத்துப் பெண். பி.எஸ்சி. நர்சிங் முடித்து மூன்று ஆண்டு வேலை பார்த்தவள். கட்டுரையில் 'நிலையான வளர்ச்சி' ஐந்து இடத்தில் இருந்தது, 'அடித்தட்டு மக்கள்' நான்கு இடத்தில் இருந்தார்கள். அவளுடைய அப்பா மட்டும் ஓரிடத்திலும் வரவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இன்சுலினை மீனுக்குப் போடும் ஐஸில் புதைத்து எடுத்துச் செல்கிறார். தேநீர் குடிக்கும்போது பேச்சுவாக்கில் வந்த விஷயம் இது. "அந்த ஐஸ்தான் உன் விண்ணப்பம், போய் மறுபடியும் எழுது" என்று கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவளுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இந்தத் துறையின் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

படி 1: எந்தக் கதவைத் தட்டுவது?

சமூகத் தொழில்முனைவு என்றால், ஒரு சமூகப் பிரச்சினையைத் தீர்ப்பதையே வேலையாகக் கொண்டு, அந்த வேலை தன் சொந்தக் காலில் நிற்கும்படி வரவு செலவையும் பார்த்துக்கொள்வது. நன்கொடை நின்றால் நின்றுபோகும் சேவைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. உடல்நலத்தோடு இதைச் சேர்த்துப் படிக்க மூன்று கதவுகள் உண்டு. நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று அளக்கக் கற்றுத்தருவது பொதுச் சுகாதார முதுகலை, அதாவது எம்பிஎச். ஓர் அமைப்பைத் தொடங்கி நடத்தக் கற்றுத்தருவது சமூகத் தொழில்முனைவு முதுகலை. மருத்துவக் கருவி செய்வது மூன்றாவது. அது பொறியியல் படித்தவர்களின் வழி.

நர்சிங், மருந்தியல், சமூகப்பணி படித்தவர்கள் முதல் இரண்டில் எதற்கும் போகலாம். பி.காம். படித்தவர்கள் தயங்க வேண்டாம். கணக்கு எழுதத் தெரிந்த ஆளுக்கு இந்தத் துறையில் எப்போதும் பஞ்சம்தான்.

படி 2: ஒரே ஒரு பிரச்சினை

எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகும் படி இது. நான் இங்கேதான் அதிக நேரம் உட்காருவேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில், உங்கள் வேலையில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒரே ஒரு உடல்நலச் சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் இதற்குக் குறைவே இல்லை. பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் சிலவற்றிலிருந்து கர்ப்பிணி ஒருத்தி பரிசோதனைக்கு வர வேண்டுமானால் படகு வேண்டும். குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர்த் தோட்டத்துக்குள் பால்வெட்டப் போகிறவர் சர்க்கரை மாத்திரையை எப்போது சாப்பாட்டோடு போடுவது? புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போய்வரும் குடும்பத்துக்கு, மருந்துச் செலவுக்கு மேலே பஸ்ஸும் தங்குமிடமும் எவ்வளவு பிடுங்குகின்றன?

இந்த மாணவியின் நோட்டை உதாரணமாகக் காட்டுகிறேன். முதல் பக்கத்தில் மருந்தின் குணம். பிரிக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை உள்ள குளிரில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் அதை வீசிவிட வேண்டியதுதான். மறுபடி உருகினாலும் பயன்படாது. பிரித்த குப்பியைக் கடும் வெயில் படாமல் வைத்தால் ஏறக்குறைய நான்கு வாரம் வெளியிலேயே தாங்கும். ஐஸ் உருகும் வெப்பநிலை 0 டிகிரி. உப்பு சேர்ந்த ஐஸ் அதற்கும் கீழே போகும். ஆக, மீனைக் காப்பாற்றும் அதே ஐஸ் மருந்தைக் கெடுத்துவிடக் கூடும். அப்பா இத்தனை வருடம் செய்தது பாதுகாப்பு என்று நினைத்துத்தான்.

அடுத்த பக்கங்களில் அவள் பதினொரு பேரிடம் கேட்டு எழுதியவை. குப்பியை எங்கே வைக்கிறீர்கள், எத்தனை நாள் கடலில் இருப்பீர்கள், தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? இருவர் துணி சுற்றி ஐஸில் வைத்தார்கள். ஒருவர் கடலுக்குப் போகும் நாட்களில் ஊசியே போடுவதில்லை என்றார். மண்பானைக்குள் ஈரமணல் போட்டு வைப்பதாக ஒரு பெரியவர் சொன்னார். அந்த வரியின் கீழ் அவள் இரண்டு கோடு போட்டிருந்தாள். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் இவளுக்கு இடம் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. தீர்வின் விதை பாதிக்கப்பட்டவரின் கையிலேயே கிடக்கிறது என்று கவனிக்கிற கண் அது.

நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு ஒரு கேள்வியை ஒதுக்கி வையுங்கள்: இதற்கு யார் காசு கொடுப்பார்கள்? நோயாளியா, படகு உரிமையாளரா, மீனவர் கூட்டுறவா, அரசா? பதில் தெரியாவிட்டால் கேள்வியை மட்டும் எழுதி வையுங்கள்.

படி 3: முன்னே போனவர்களைப் படியுங்கள்

மூன்று பேரைப் படித்தால் போதும். முப்பது பேரைப் புரட்ட வேண்டாம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி அப்போதுதான் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பணம் கட்ட முடிந்தவர் கட்டுவதை வைத்து முடியாதவருக்கும் அறுவை சிகிச்சை செய்வது அவர்கள் முறை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் கட்டுப்படியாகாது என்றதும், 1992-இல் அரோலேப் என்ற பெயரில் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். படிக்கும்போது கருணையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே நாளில் ஒரு மருத்துவர் எத்தனை பேருக்குச் செய்ய முடிகிறது, அதற்காக மற்ற வேலைகளை யார் யாருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டாவது நமக்குப் பக்கத்து ஊர். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வு, முந்தைய மாதிரிகள் தோற்றுப்போன பிறகு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தோற்ற மாதிரிகளைப் பற்றியும் தேடிப் படியுங்கள்.

மூன்றாவது, கேரளத்தின் வலி தணிப்புச் சிகிச்சை. அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் படுத்த படுக்கையானவர்களின் வீட்டுக்கே போகிறார்கள். 2008-இல் அந்த மாநிலம் இதற்கெனக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை இதோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். வீட்டுக்கு மருந்து வருகிறது, சரி. வீட்டுக்காரர் கடலில் இருந்தால்?

படி 4: எங்கே?

பொதுச் சுகாதாரம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. தொலைவில், ஸ்ரீசித்திரையின் அச்சுத மேனோன் மையம். எம்பிஎச் இரண்டு ஆண்டு. மருத்துவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அடுத்து புதுச்சேரி ஜிப்மர், சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். சமூகத் தொழில்முனைவுக்கு மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் 2007-இல் தொடங்கிய எம்.ஏ. படிப்பு இருக்கிறது, அதற்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் முதுகலைத் தேர்வு எழுத வேண்டும். வெளிநாடு என்றால் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சமூகப் புத்தாக்கமும் தொழில்முனைவும் என்ற பெயரிலேயே ஒரு முதுகலை உண்டு.

தகுதி விதிகளும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பை நேரடியாகப் படியுங்கள். என்னைப் போன்றவர்கள் எழுதுவதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

படி 5: காகிதங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் கட்டத்தில் ஏறியிருந்தது. பட்டச் சான்றிதழில் வெறும் தலைப்பெழுத்து, அதுவும் பெயருக்குப் பின்னால். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஓர் அலுவலகத்தில் விளக்குவதற்குள் ஆறு வாரம் போய்விட்டது. தவறு என்னுடையதுதான், விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். இன்றைக்கே மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வையுங்கள்.

பருவவாரியான மதிப்பெண்களை ஒரே தொகுப்பாகத் தரும் டிரான்ஸ்கிரிப்ட் வெளிநாட்டுக்குக் கட்டாயம் வேண்டும். அதைப் பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்க வேண்டும். நம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளில் படித்தவர்கள் என்றால் பெரும்பாலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டி வரை ஒரு பயணம்.

படி 6: நோக்க அறிக்கை, அதாவது விண்ணப்பக் கட்டுரை

அந்த மாணவியின் பழைய முதல் வரி இது: "சிறுவயது முதலே மக்களுக்குச் சேவை செய்யும் ஆர்வம் எனக்கு உண்டு." புதிய முதல் வரி: "என் அப்பா தன் இன்சுலினைச் சூரை மீன்களுக்கு நடுவே வைத்திருக்கிறார்." தேர்வுக்குழுவில் இருப்பவர் அன்றைக்கு நூறு கட்டுரை படித்திருப்பார். எந்த வரிக்கு நிமிர்ந்து உட்காருவார்?

பிறகு மூன்று பத்தி போதும்: என்ன பார்த்தேன், என்ன முயன்றேன், எது எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது பத்தியில்தான் படிப்புக்கான காரணம் இருக்கிறது. அவள் எழுதினாள்: மண்பானையின் வெப்பத்தை நாள் முழுதும் அளந்தேன், ஆனால் அந்த அளவுகளை எப்படி ஆய்வாக்குவது, ஐம்பது படகுக்குப் பானை கொடுத்தால் செலவை யார் ஏற்பது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை ஒளிக்க வேண்டாம். எல்லாம் தெரிந்தவருக்கு எதற்குப் பட்டம்?

படி 7: பணம்

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்குக் குறைந்தது 2,800 மணி நேர, அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டாவது இங்கே இருக்க வேண்டும். விண்ணப்பம் பெரும்பாலும் ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடிவிடும். பட்டியல் இனத்தவருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையும் இருக்கின்றன. வருமானச் சான்றிதழை முன்கூட்டியே இ-சேவை மையத்தில் பதிந்து வாங்கிவிடுங்கள்.

வீட்டை அடமானம் வைத்து வெளிநாடு போவதை நான் இந்தத் துறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சமூக நிறுவனங்கள் தரும் சம்பளத்தில் அந்தக் கடனைக் கட்டி முடிப்பது கஷ்டம். உதவித்தொகை கிடைக்காவிட்டால் திருவனந்தபுரமோ மும்பையோ போதும்.

படி 8: பரிந்துரைக் கடிதம்

இருவர் தர வேண்டியிருக்கும். ஒருவர் பாடம் எடுத்தவர், ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்தவர். பெரிய பதவிக்காரரைத் தேடி அலையாதீர்கள். அவருக்கு உங்கள் முகமே நினைவிருக்காது. கடைசித் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே நேரில் போய்ப் பாருங்கள். கையில் அந்த நாற்பது பக்க நோட்டைக் கொண்டு போங்கள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினால், பதிலையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்விலும் அதையேதான் கேட்பார்கள். அந்த மாணவியிடம் கேட்ட முதல் கேள்வி, "பானை படகில் உடைந்தால்?"