கூட்டமாகப் போய் ஸ்பானிஷ் கற்பது எப்படி: கடற்கரைக்குப் போகும் நீலகிரிக்காரர்களுக்கு

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து, வெப்பமண்டலக் கடற்கரை ஊர் ஒன்றில் இரண்டு மூன்று வாரம் தங்கி ஸ்பானிஷ் படிக்கலாமா என்று கேட்டால், தாராளமாகப் போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் கூட்டமாகப் போவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கூட்டம் தன் மொழியையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். காலையில் நான்கு மணி நேரம் வகுப்பு, மீதி நேரம் முழுக்கத் தமிழ் என்று ஆகிவிட்டால் அவ்வளவு செலவு செய்து உலகத்தின் அந்தப் பக்கம் போனதற்கு அர்த்தமே இல்லை. அதனால் டிக்கெட், பெட்டி எல்லாவற்றுக்கும் முன்னால் யோசிக்க வேண்டியது, இந்தக் கூட்டத்தை எப்படிப் பிரித்து வைப்பது என்பதைத்தான்.

நமக்கு இது ஒன்றும் புதிய கலை இல்லை. படுகர் வீட்டுப் பிள்ளை வீட்டில் படுக மொழி பேசும், கடைத்தெருவில் தமிழ் பேசும், பள்ளியில் ஆங்கிலம் படிக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் மலையாளமும் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். இவர்களில் யாரும் இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரரின் மொழியைக் கற்கவில்லை. பால் வாங்க, பஸ் கேட்க, சண்டை போட அது தேவைப்பட்டது, வந்துவிட்டது. அந்தத் தேவையை அங்கே போய் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஊர். மெக்ஸிகோவில் கான்கூன், துலூம் வேண்டாம். அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகளை நம்பி இருக்கும் இடங்கள் அவை, நீங்கள் ஸ்பானிஷில் கேட்டாலும் பதில் ஆங்கிலத்தில் வரும். கோஸ்டா ரிக்காவில் தமாரிந்தோவும் ஏறக்குறைய அப்படித்தான். அதே நிகோயா தீபகற்பத்தில் தெற்கே இருக்கும் சாமரா அமைதியான ஊர், மொழிப் பள்ளியும் உண்டு. டொமினிக்கன் குடியரசும் கொலம்பியாவின் கரீபியன் கரையும் அழகுதான், ஆனால் அங்கே அசைக் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியை விழுங்கிப் பேசுவார்கள், புதிதாகக் கேட்பவருக்குப் பிடிபடாது. கொலம்பியா போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அது மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளில் ஒன்று. அங்கிருந்து நேராக இந்தியா திரும்பும்போது தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியே வைத்துவிடுவார்கள். சான்றிதழ் செல்லுபடியாக ஊசி போட்டு 10 நாள் ஆகியிருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் மெக்ஸிகோவில் வஹாக்கா மாநிலத்துப் பசிபிக் கரையில் இருக்கும் புவெர்த்தோ எஸ்கோந்திதோவைச் சொல்வேன். பேச்சு தெளிவாக இருக்கும், பள்ளிகள் இருக்கின்றன. கடற்கரைக்குப் பின்னால் மலை. அந்த மலையில்தான் புளூமா இதால்கோ காப்பி விளைகிறது, அதனால் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நம் ஆட்களுக்குப் பேச விஷயம் தானாகக் கிடைக்கும், பேச விஷயம் இருப்பவர்தான் வேகமாகக் கற்கிறார். ஊருக்குள்ளும் இடம் பார்த்துத் தங்குங்கள். அலைச்சறுக்கு ஆட வரும் வெளிநாட்டுக்காரர்கள் கூடும் லா புந்தா பக்கம் ஆங்கிலம் அதிகம் கேட்கும், சந்தைக்குப் பக்கத்துத் தெருக்களில் அது குறைவு.

காலம் நவம்பர் முதல் மார்ச் வரை, அங்கே மழை இல்லாத மாதங்கள். நமக்கும் அதுதான் வசதி, ஏனென்றால் ஏப்ரல், மே சீசனில் காட்டேஜோ கடையோ வைத்திருப்பவர் மலையை விட்டு நகர முடியாது. ஆனால் நவம்பரில் இங்கே வடகிழக்குப் பருவமழை, மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. விமானத்துக்கு முந்தின நாளே கோவைக்கு இறங்கிவிடுங்கள். விசா விஷயத்தில், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்ஸிகோ தனி விசா கேட்பதில்லை, மற்றவர்கள் டெல்லியில் இருக்கும் தூதரகம் வழியாக வாங்க வேண்டும். விதி மாறக்கூடியது என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாற மட்டுமே இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். குழுவில் ஒருவருக்கு அது இல்லையென்றால் எல்லாரும் ஐரோப்பா வழியாகப் போவதே நல்லது, அங்கேயும் எந்த விமான நிலையத்தில் இடைவழி விசா கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு.

தயாரிப்பு மலையிலேயே, மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். வெறுங்கையோடு போய் இறங்கினால் முதல் வாரம் 'வணக்கம், என் பெயர்' என்பதிலேயே போய்விடும். டுவோலிங்கோ செயலி மட்டும் போதாது. லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் என்ற இலவச ஒலிப்பாடம் இருக்கிறது, ஆங்கிலம் வழியாகத்தான், ஆனால் மனப்பாடம் செய்யச் சொல்லாமல் யோசித்து வாக்கியம் அமைக்கப் பழக்குகிறது, நடந்துகொண்டே கேட்கலாம். காதுக்குப் பழக்கம் வர யூடியூபில் டிரீமிங் ஸ்பானிஷ் வீடியோக்களைப் பாருங்கள். குழுவாகச் சேர்ந்து மெக்ஸிகோ ஆசிரியர் ஒருவரை ஆன்லைனில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அவர்களுக்குக் காலை 7 மணி என்றால் நமக்கு மாலை 6.30, இரு பக்கமும் வசதியான நேரம்.

இந்த மூன்று மாதத்தில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று: பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஸ்பானிஷை ஆங்கிலத்தோடு ஒப்பிடாதீர்கள், தமிழ் வழியாக யோசியுங்கள். ஆங்கிலத்தில் படித்தவர்கள் 'டாக்கோ' என்கிறார்கள், ஆனால் ஸ்பானிஷில் 't' எழுத்துக்கு நம் 'த'தான் சரியான ஒலி, தாக்கோ. 'நாதா' (ஒன்றுமில்லை) என்ற சொல்லின் நடுவில் வருவது நாம் 'அது' என்னும்போது வரும் அதே மெல்லிய 'த'. ஸ்பானிஷில் வரும் 'ஞ' ஒலியும் நம்மிடம் இருக்கிறது. உயிரொலி ஐந்தையும் ஆங்கிலம் போல இழுக்காமல் நேராகச் சொல்ல நமக்கு வரும். வினைச்சொல்லைப் பாருங்கள்: 'பேசுகிறேன்' என்றாலே யார் என்று தெரிந்துவிடுகிறது, தனியாக 'நான்' வேண்டியதில்லை. ஸ்பானிஷிலும் 'ஆப்லோ' என்றால் போதும். 'மே குஸ்தா' என்பது அப்படியே நம் 'எனக்குப் பிடிக்கும்', அதை ஆங்கில வாக்கியத்தோடு பொருத்திப் பார்த்துக் குழம்பத் தேவையே இல்லை. நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு, வயதில் பெரியவர்களிடம் 'உஸ்தேத்'. நமக்கு உண்மையிலேயே கஷ்டம் தருவது இரண்டு. உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால். அப்புறம் 'இருக்கிறது' என்பதற்கு 'ஸேர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினை. உழைப்பை இவற்றில் போடுங்கள். ஸ்பெயினில் அச்சான பாடநூலில் வரும் 'வோசோத்ரோஸ்' (பலரைப் பார்த்து 'நீங்கள்' என்பது) வரிசையை அப்படியே தாண்டிவிடலாம், லத்தீன் அமெரிக்காவில் அதற்கு வேலை இல்லை.

சரி, இறங்கியாயிற்று. இங்கேதான் பிரித்து வைக்கும் வேலை.

எல்லாரும் ஒரே ஹோட்டலில் தங்கக் கூடாது. குடும்பங்களோடு தங்க வைக்கச் சொல்லிப் பள்ளியிடம் முன்கூட்டியே எழுதுங்கள், ஒரு வீட்டுக்கு ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர். கணவன், மனைவி ஒரே வீட்டில் இருக்கலாம், ஆனால் வகுப்பு வேறு வேறாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தைரியமானவர் மட்டும் பேசுவார், மற்றவர் தலையாட்டிக்கொண்டே மூன்று வாரத்தையும் கழித்துவிடுவார். முதல் நாள் தேர்வு வைத்து நிலை பிரிப்பார்கள். எங்களை ஒரே வகுப்பில் போடுங்கள் என்று கெஞ்சாதீர்கள்.

குழுவில் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் இருப்பார். அவரை மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடுவதுதான் கூட்டப் பயணங்களைக் கெடுப்பது. அவருக்கும் அது சுமை, மற்றவர்களுக்கும் வாய் திறக்கக் காரணம் இல்லாமல் போகிறது. உடம்பு சரியில்லை, பணம் தொலைந்தது, போலீஸ் போன்ற விஷயங்களுக்கு மட்டும் அவரைக் கூப்பிடலாம் என்று கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஓட்டலில் அவரவர் சாப்பாட்டை அவரவரே சொல்ல வேண்டும், அதற்கு எட்டுப் பேர் ஒரு மேசையில் உட்காராமல் இரண்டிரண்டு பேராக வேறு வேறு கடைக்குப் போவதே வழி.

தமிழே பேசக் கூடாது என்று தடை போடாதீர்கள். முதல் சில நாள் முடிவதற்குள் தலை வலிக்கும், ஆட்கள் மௌனமாகிவிடுவார்கள், அப்புறம் தடையும் உடையும். மாலை ஆறு முதல் ஏழு வரை தமிழ் மணி என்று வையுங்கள். எல்லாரும் கடற்கரையில் கூடி மனசில் இருப்பதைக் கொட்டலாம், படுக மொழியில் பேசுகிறவர்கள் அதில் பேசலாம். ஏழு மணிக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில்கூட ஸ்பானிஷ்தான், பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை.

மதிய நேரத்துக்கு ஆளுக்கொரு வேலை கொடுங்கள். பெனித்தோ ஹுவாரெஸ் சந்தைக்குத் தனியாகப் போய், நம் மேரக்காயை, அதாவது சௌசௌவை, தேடட்டும் ஒருவர். அங்கே அதற்குப் பெயர் 'சயோத்தே', அதன் பூர்வீகமே அந்தப் பக்கம்தான். எங்கே விளைந்தது, எப்படிச் சமைப்பீர்கள் என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டு வர வேண்டும். இன்னொருவர் பட்டர் ஃப்ரூட், இன்னொருவர் காப்பிக்கொட்டை, இன்னொருவர் அடுத்த ஊருக்கு வேன் எத்தனை மணிக்கு. கேட்டு வந்ததை மறுநாள் வகுப்பில் ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். தெரிந்த பொருளைப் பற்றிக் கேட்கும்போது பதிலில் பாதி புரியாவிட்டாலும் மீதியை ஊகிக்க முடிகிறது, அந்த ஊகம்தான் பயிற்சி. மூன்று வாக்கியம் நாக்கு நுனியில் இருக்கட்டும்: 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்' என்றால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், 'நோ என்தெந்தீ' என்றால் புரியவில்லை, 'கோமோ ஸே தீஸே' என்று ஒரு பொருளைக் காட்டினால் அதன் பெயரைச் சொல்வார்கள். தினமும் காதில் விழுந்த ஐந்து முழு வாக்கியங்களை நோட்டில் எழுதுங்கள், தனிச்சொல் வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'வெஹெதாரியானோ' என்று மட்டும் சொன்னால் போதாது, கோழியும் மீனும் தட்டுக்கு வந்துவிடும். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று ஒவ்வொன்றையும் சொல்லுங்கள். பீன்ஸ் மசியலில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதால் 'சின் மன்தேக்கா' என்றும் சேருங்கள். மக்காச்சோளத் தோர்த்தியா ரொட்டி, அரிசி, பீன்ஸ், சட்னி போன்ற சல்சா என்று வயிறு நிறையக் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், கேன் தண்ணீர்தான்.

கடலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மலையில் வளர்ந்த நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. அந்த ஊரின் ஸிகதேலா கடற்கரை பெரிய அலைக்குப் பெயர் போனது, அங்கே இறங்கவே வேண்டாம். கர்ரிசலீயோ என்ற சிறிய வளைகுடா அமைதியானது, அங்கேயும் ஆபத்தைக் காட்டும் கொடி இருக்கிறதா என்று பார்த்து, முழங்கால் ஆழத்தோடு நில்லுங்கள். நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வர வேண்டும். ஸ்வெட்டர் போட்டுப் பழகிய உடம்பு 30 டிகிரி புழுக்கத்தில் முதல் சில நாள் சோர்ந்துவிடும், அதனால் வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேருங்கள்.

திரும்புவதற்கு முந்தின நாளே ஆசிரியரோடு அடுத்த இரண்டு மாதத்துக்கு ஆன்லைன் நேரம் குறித்துவிடுங்கள், ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. தங்கிய வீட்டு அம்மாவுக்கு வாரம் ஒரு குரல் செய்தி அனுப்புங்கள், எழுத்து வேண்டாம், குரலாகவே. ஞாயிற்றுக்கிழமை சிம்ஸ் பூங்காவில் கூடி ஒரு மணி நேரம் ஸ்பானிஷ் மட்டும் பேசலாம், எட்டுப் பேரில் மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள். படித்ததற்கு ஒரு சான்று வேண்டும் என்பவர்கள் ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்டிடூட்டோ செர்வாண்டெஸ் நடத்தும் டெலே என்ற ஸ்பானிஷ் தேர்வுக்குப் பதிவு செய்யலாம், முதலில் ஏ1 அல்லது ஏ2 என்ற ஆரம்ப நிலை போதும்.