அஹெகாவோ: வேடிக்கை முகம் என்று எண்ணுவதே முதல் தவறு

கருவிழிகள் மேலேறி, நாக்கு வெளியே தொங்க, கன்னங்கள் சிவந்து, தன்னிலை மறந்ததுபோல் வரையப்படும் முகத்தை ஜப்பானியர் அஹெகாவோ என்கின்றனர். மூச்சிரைப்பைக் குறிக்கும் ‘அஹெ அஹெ’ என்னும் ஒலிக்குறிப்போடு, முகம் என்று பொருள்படும் ‘காவோ’ சேர்ந்து பிறந்த சொல் இது. தமிழில் இரண்டு உயிரொலிகளுக்கிடையே ககரம் மென்மையாவதைப் போலவே, ஜப்பானிய மொழியிலும் இச்சேர்க்கையில் அந்த ஒலி மெலிகிறது. சொல்லின் பிறப்பே காட்டுவதுபோல், இது பாலின்ப உச்சத்தைக் குறிக்கும் முகம். வயது வந்தோருக்கான படக்கதைகளிலும் அசைவூட்டப் படங்களிலும் வேரூன்றியது. இணையத்தில் தற்படமாகவும் மீமாகவும் பரவியபோது அந்த வேர் மறைந்துவிட்டதால், இதை வெறும் கோமாளி முகமாக எண்ணிப் பதிவிடுவோர் பெருகிவிட்டனர்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஜப்பானில் நாக்கை நீட்டும் முகங்கள் எல்லாம் ஆபாசமானவை அல்ல. கீழிமையை விரலால் இழுத்து நாக்கை நீட்டும் ‘அகன்பே’ குழந்தைகளின் பழிப்புக் காட்டல்; ‘தெஹெபேரோ’ சிறு பிழை செய்தவர் அசடு வழியும் குறும்பு; ‘காவோகேய்’ என்பது சிரிப்பூட்டுவதற்காக முகத்தைக் கோணலாக்கும் கலை. நான் அறிந்தவரை, பொது அனிமே, அதாவது எல்லோருக்குமான ஜப்பானிய அசைவூட்டப் படங்கள், பார்ப்பவர்கள் மீது வீண்பழி விழுவதற்கு இந்த வேறுபாட்டை அறியாமையே பெரிதும் காரணமாகிறது.

‘ஹென்டாய்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. வெளிநாட்டு ரசிகர்கள் அதை ஆபாசப் படக்கதைகள், அசைவூட்டப் படங்கள் என்னும் படைப்பு வகையின் பெயராக வழங்குகின்றனர். ஜப்பானிலோ ஒருவரை அப்படி அழைத்தால், வக்கிரம் பிடித்தவர் என்று வைவதாகவே கொள்ளப்படும்.

உடைகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. இத்தகைய முகங்களைக் கறுப்பு வெள்ளையில் நெருக்கி அச்சிட்ட தொப்பிச் சட்டைகள் 2010களின் பிற்பகுதியில் வெளிநாட்டு ரசிகர்களிடையே பரவின. குழந்தைகளும் குடும்பங்களும் வரும் அனிமே விழாக்களுக்கு அவற்றை அணிந்து செல்வது, வயது வந்தோருக்கான இதழின் பக்கத்தை உடம்பில் ஒட்டிக்கொண்டு செல்வதற்கு ஒப்பாகும். சில விழாக்கள் அவற்றை வெளிப்படையாகத் தடைசெய்திருப்பதால், உடை விதிகளை முன்கூட்டியே படித்துவிட்டுச் செல்வது நல்லது. 18 வயது நிரம்பாதோர், அது போக்காக இருந்தாலும், இந்த முகத்தோடு படம் எடுத்துப் பதிவிடக் கூடாது. அப்படம் எவர் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்பது பதிவிட்டவரின் பிடியில் இருப்பதில்லை.

இவை எல்லாவற்றிலும் என்னை மிகவும் வருத்துவது ஒளிப்படக்காரர்கள் செய்யும் தவறு. பாத்திர வேடமிட்டு நிற்பவரிடம், குறிப்பாக இளம்பெண்களிடம், “அந்த முகத்தைக் காட்டுங்கள்” என்று முன்பின் அறியாதவர் கேட்பது விளையாட்டன்று. பாலியல் செயலை நடித்துக் காட்டும்படி கேட்பதுதான். 2014ஆம் ஆண்டில் நியூயார்க் காமிக் கான் என்னும் படக்கதை ரசிகர் விழாவின் அரங்கில், வேடமிட்டிருப்பது இசைவாகாது என்னும் அறிவிப்புப் பலகைகளை வைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது வேடமிட்டோர் மீதான அத்துமீறல்களால்தான். ஒருவர் தாமாகவே அம்முகத்தைக் காட்டி ஒரு படத்துக்கு நின்றிருந்தாலும், அந்த இசைவு அந்த ஒரு படத்தோடு முடிகிறது; அடுத்த படத்துக்கும், இணையத்தில் ஏற்றுவதற்கும், தொடுவதற்கும் தனித்தனியே கேட்டாக வேண்டும், மறுத்தால் காரணம் கேளாமல் விலகிவிட வேண்டும்.