இறுகிப்போன பாட்டில் மூடியைத் திறக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, திறக்க வராத இறால் ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்து, வாசற்படிக் கல்லின் விளிம்பில் இரண்டு முறை தட்டினார். மூடி கழன்றது, பாட்டிலின் வாயில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லும் பெயர்ந்திருந்தது. எண்ணெயில் விழுந்த கண்ணாடிச் சில்லைக் கண்ணால் தேடி எடுக்க முடியாது, வடிகட்டினாலும் நம்ப முடியாது என்பதால், காசிமேட்டில் வாங்கி, ஒரு காலைப்பொழுது முழுவதும் உரித்துப் பொரித்துச் செய்த ஊறுகாய் மொத்தமும் குப்பைக்குப் போயிற்று. அந்த பாட்டிலைத் திறக்க அத்தனை வேகம் தேவையே இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை வருத்தம்.

எல்லாத் தவறுகளுக்கும் முதல் தவறு, மூடி ஏன் இறுகியிருக்கிறது என்று பார்க்காமல் கையின் பலத்தை நம்புவது. கடையில் வாங்கிய ஜாம், சாஸ் போன்றவை பெரும்பாலும் சூடாக நிரப்பி உடனே மூடப்படுகின்றன. ஆறும்போது உள்ளே இருக்கும் நீராவி தண்ணீராகிவிடுவதால் உள்ளழுத்தம் குறைந்து, வெளிக்காற்று மூடியைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கிறது. 63 மில்லிமீட்டர் அகலமுள்ள மூடியின் பரப்பு ஏறக்குறைய 31 சதுர சென்டிமீட்டர். உள்ளே காற்றழுத்தம் பாதியாகக் குறைந்திருந்தால்கூட, மூடியின் மேல் சுமார் 15 கிலோ எடை ஏறி உட்கார்ந்திருப்பதற்கு அது சமம். சூடான எண்ணெயோடு ஊறுகாயை அடைத்து அப்போதே மூடுகிற நம் வீட்டு பாட்டில்களிலும், குறைந்த அளவில், இதுவே நடக்கிறது.

இந்த வகை மூடியைத் திருகித் திருகி மணிக்கட்டை நோகடிப்பதைவிட, உள்ளே கொஞ்சம் காற்றை விடுவதே வழி. எவர்சில்வர் ஸ்பூனின் காம்பு நுனியை மூடியின் ஓரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து, மூடியை வெளிப்பக்கமாக மெதுவாக நெம்பினால், ‘டப்’ என்ற சத்தத்தோடு காற்று உள்ளே போகும். அதன்பின் குழந்தைகூடத் திறந்துவிடலாம். இந்த இடத்தில் பலர் கத்தியை எடுக்கிறார்கள். கத்தியின் நுனி மெல்லியது, வழுக்கினால் பாட்டிலைப் பிடித்திருக்கும் உள்ளங்கைக்குள்தான் இறங்கும். அவசரத்திலும் கத்தி வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்கெனவே ஒருமுறை திறந்த பாட்டில் மறுபடி இறுகிக்கொண்டால், அங்கே குற்றவாளி காற்றழுத்தம் அன்று. மரையில் காய்ந்து ஒட்டிய சர்க்கரைப் பாகு, தேன், உப்பு அல்லது பிசுக்கேறிய எண்ணெய். இதற்கு வெந்நீர் நல்ல மருந்து. ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இரும்புத் தகடு விரிவடைவதால்தான் மூடி கழல்கிறது என்பார்கள். 40 டிகிரி சூடு ஏறினாலும் அந்த 63 மில்லிமீட்டர் மூடி விரிவது 0.03 மில்லிமீட்டர் அளவுக்கே. பாகு இளகுவதும், மூடியின் உள்விளிம்பில் இருக்கும் மென்மையான வாஷர் தளர்வதும் அதற்கு இணையாகவோ கூடுதலாகவோ உதவுகின்றன. ஆகவே கொதிக்கும் நீர் தேவையில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலின் மேல் கொதிநீரை ஊற்றுவது இருப்பதிலேயே ஆபத்தான பழக்கம், ஏனென்றால் திடீர்ச் சூட்டைத் தாங்காமல் கண்ணாடி விரிசல் விடும், சமயத்தில் கையிலேயே உடையும். சூடான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடியை மட்டும் சுற்றி இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் போதும். ஊறுகாய் பாட்டிலைத் தலைகீழாக வெந்நீரில் முக்குவதும் சரியன்று. மூடி தளர்ந்த நொடியில் தண்ணீர் உள்ளே கசிந்தால் ஊறுகாய் பூஞ்சை பிடித்துவிடும். அடுப்புத் தீயில் மூடியை நேராகக் காட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: வாஷர் கருகி உணவில் சொட்டும், விளிம்பில் எண்ணெய் இருந்தால் தீப்பிடிக்கும்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலை ஒட்டி வாழும் நமக்கு இன்னொரு தொல்லை, துரு. உப்புக் காற்று, தகர மூடியில் கீறல் விழுந்த இடத்தில் துருவை ஏற்றி, மரையைக் கண்ணாடியோடு கவ்வ வைத்துவிடுகிறது. வெளியே துரு தெரிகிற மூடியை வலிந்து திருகினால் துருத்தூள் உள்ளே உதிரும். விளிம்பைத் துடைத்து, பாட்டிலைச் சற்றுச் சாய்த்துத் திறந்து, அந்த மூடியைத் திரும்பப் போடாமல் தூக்கி எறிவதே நல்லது.

பிடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய்க் கையோடு, அல்லது வழவழப்பான புடவைத் தலைப்பைச் சுற்றித் திருகுவதால் பலம் வீணாகிறது. சைக்கிள் கடையில் கிடைக்கும் பழைய ட்யூபை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி மூடியில் மாட்டிக்கொண்டு திருகிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதற்கு நிகரான கருவி எதுவும் இல்லை. பல்லால் கடித்துத் திறப்பவர்களும் இருக்கிறார்கள். பல் போனால் திரும்ப முளைக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு, திறக்கவே கூடாத மூடி ஒன்றும் உண்டு. நடுப்பகுதி மேல்நோக்கி உப்பியிருக்கும் மூடியை இறுகிய மூடி என்று எண்ணிப் போராடாதீர்கள். உள்ளே கிருமிகள் வளர்ந்து வாயு சேர்ந்திருக்கலாம், வாசனையிலும் சுவையிலும் தெரியாத நஞ்சும் இருக்கலாம். சாப்பிட்டுப் பார்க்காமல், திறக்காமல், பையில் கட்டி எறிந்துவிட வேண்டும்.

புதிதாக ஊறுகாய் போடுகிறவர்கள் அது நன்றாக ஆறிய பிறகு, பாட்டிலின் வாயையும் மரையையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, இரண்டு விரல் இறுக்கத்தில் மூடி வையுங்கள்.