ஷட்டவுன் நாளுக்கு முன்: இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் முறை

'பராமரிப்புப் பணி, காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை' என்று எங்கள் ஏரியா பெயர் பேப்பரில் வந்தால் முன்பெல்லாம் கவலைப்பட்டதில்லை. இன்வெர்ட்டர்தான் இருக்கிறதே. போன கோடையில் அது பதினொரு மணிக்கே கத்த ஆரம்பித்துவிட்டது. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவுக்கு மாலை வரை விசிறி மட்டையால் வீசிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்த மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொன்னார். மாற்றவில்லை. திறந்து பார்த்தால் ஆறு அறையிலும் தண்ணீர் குறைந்து கிடந்தது.

கீழே சொல்வது தண்ணீர் ஊற்றும் ட்யூபுலர் பேட்டரிக்கு மட்டும். சீல் செய்ததையும் லித்தியத்தையும் தொடாதீர்கள்.

1. இன்வெர்ட்டரையும் அதன் பிளக்கையும் ஆஃப் செய்யுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயு விடும். பக்கத்தில் ஊதுபத்தியோ சாமி விளக்கோ எரியக்கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

2. கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில். எனக்கு ரிங் ஸ்பேனர்தான் பிடிக்கும், நட்டை விட்டு வழுக்காது. கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு முனையையும் ஸ்பேனர் ஒருசேரத் தொட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். முனையில் பூத்திருக்கும் பொடியை, வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடா தொட்டுப் பழைய டூத்பிரஷால் தேயுங்கள். மூடிகள் இறுக மூடியிருக்கட்டும், சோடா உள்ளே போகக்கூடாது. துடைத்து, மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள்.

3. நான் தவறு செய்தது இங்கேதான். குறைந்திருக்கிறதே என்று மேல்கோடு வரை ஊற்றிவிட்டு சார்ஜில் போட்டேன். காலையில் பார்த்தால் மூடி வழியாக ஆசிட் பொங்கித் தரையில் வழிந்திருந்தது. அந்த டைல்ஸில் இன்றும் வெளுத்த திட்டு இருக்கிறது. சார்ஜ் ஏற ஏற உள்ளே சூடாகி, குமிழி கிளம்பி, மட்டம் உயரும். அதனால் முதலில் தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். இரவு முழுக்க சார்ஜ் ஏறட்டும். காலையில் ஆஃப் செய்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம் மேல்கோடு வரை நிரப்புங்கள். மட்டம் காட்டும் மூடி மிதவையை மட்டும் நம்பாதீர்கள், அழுக்கேறி ஒட்டிக்கொள்ளும். விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள்: விட்டதும் மேலே வந்தால் சரி.

ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆசிட் ஒரு சொட்டுகூட வேண்டாம், வற்றியது தண்ணீர்தான்.

4. இனி லோடு. 150 ஆம்பியர்-அவர், 12 வோல்ட் என்றால் கணக்குக்கு 1800 வாட்-அவர். முழுவதையும் உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் போய்விடும், இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கைக்கு 1100 வரும் என்று வையுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகையான பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சொச்சம். இரண்டு பழைய ஃபேனே ஏழு மணி நேரத்தில் அத்தனையையும் காலி செய்துவிடும். காசிருந்தால் இரண்டாவது பேட்டரி வாங்காதீர்கள், ஃபேனை மாற்றுங்கள். தினசரி யூனிட்டும் குறையும். அம்மா அறையில் மட்டும் மாற்றினேன். அன்று பதினொரு மணிக்குக் கத்திய அதே பேட்டரி, போன ஷட்டவுனில் கரண்ட் வரும்வரை அந்த ஃபேனை ஓட்டியது.

பிற்சேர்க்கை: கமென்ட்டில் மூன்று பேர், ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். காயிலில் இருக்கும் தூசியும் உலோகத் துகளும் அதோடு வரும். ஆர்.ஓ. தண்ணீரும் கூடாது, அதில் உப்பு மிச்சம் இருக்கும். பேட்டரி கடையில் 5 லிட்டர் கேனாகவே கிடைக்கிறது. கேனைத் திறந்தால் மூடி வையுங்கள். ஊற்றும் புனலை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.